ஊர்க் குழுவில் வாக்கெடுப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சனசமூக நிலையத்துக்கு அடுத்து என்ன செய்யலாம் என்று யாழ்ப்பாணத்தில் இருப்பவர்களும் ரொறன்ரோ, இலண்டன் ஆட்களும் வட்ஸ்அப்பில் வாக்குப் போடுவது இப்போது வழமை. வாக்கு முடிந்த கையோடு பாதிப் பேர் கதைக்காமல் விட்டால், பிழை பெரும்பாலும் ஆட்களில் இல்லை, வாக்கெடுப்பை அமைத்த விதத்தில்தான்.

முதல் தவறு, முடியும் முன்னரே எண்ணிக்கையைக் காட்டுவது. வட்ஸ்அப்பில் பொதுவாக யார் எதற்குப் போட்டார் என்பதும் தெரியும். சித்தப்பா ஒரு பக்கம் போட்டபின் மறுபக்கம் போட எத்தனை பேருக்கு மனம் வரும்? 2013இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வொன்றில், இணையத்தளமொன்றில் எழுமாறாகத் தெரிவுசெய்த கருத்துகளுக்கு ஆய்வாளர்களே முதல் ஆதரவு வாக்கை இட்டுவிட்டார்கள். அந்த ஒரு வாக்கால் இறுதி மதிப்பு சராசரியாக 25 வீதம் கூடியது. கூகுள் படிவம் போதும்: மின்னஞ்சல் சேகரிப்பையும் முடிவுச் சுருக்கம் காட்டுவதையும் நிறுத்துங்கள், ‘ஒருவருக்கு ஒரு பதில்’ என்பதைப் போடுங்கள். அதற்குக் கூகுள் கணக்கு வேண்டும். கணக்கில்லாத பெரியவர்களின் வாக்கை எப்படி எடுப்பது என்பதை முதலிலேயே தீர்மானியுங்கள், கடைசி நாளில் அல்ல.

அடுத்தது ஒன்றை மட்டும் தெரியச் சொல்வது. 100 பேர் என்று வையுங்கள். வாசிகசாலைக்குக் கூரை 32, வாசிகசாலைக்குப் புத்தகம் 28, மைதானத்துக்கு மின்விளக்கு 40. வாசிகசாலையை விரும்பியவர்கள் 60 பேர், வென்றதோ மின்விளக்கு. அதன் பிறகு மற்ற 60 பேரிடம் காசு கேட்டுப் பாருங்கள். ‘உங்களுக்குச் சம்மதமான எல்லாவற்றையும் தெரியுங்கள்’ என்றாலே பாதிச் சிக்கல் தீரும். இல்லாவிட்டால் இலங்கைச் சனாதிபதித் தேர்தல் போல 1, 2, 3 என்று இடச் சொல்லலாம். 2024இல்தான் அந்தத் தேர்தலில் முதல் தடவையாக இரண்டாம் விருப்பு எண்ணப்பட்டது, எனவே எம்மவர்க்கு விளக்கம் அதிகம் தேவைப்படாது.

எதிர்வாக்கு இலவசமாகவும் முகமில்லாமலும் கிடைத்தால் அது கோபம் தீர்க்கும் கருவியாகிவிடும். நிரலாக்கக் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் எதிர்வாக்குப் போடவே 125 புள்ளி வேண்டும். ஒரு பதிலை இறக்கினால் எழுதியவருக்கு 2 புள்ளியும் இறக்கியவருக்கு 1 புள்ளியும் குறையும். சின்னக் குழுவுக்குப் புள்ளிக் கணக்கு வேண்டாம். எதிர்ப்பவர் ஒரு வரிக் காரணம் எழுதினால்தான் வாக்குச் செல்லும் என்று வைத்தால் போதும்.

முன்மொழிவுகள் பல வரும் குழுவில், ஆதரவிலிருந்து எதிர்ப்பைக் கழித்து வரிசைப்படுத்தாதீர்கள். 600 ஆதரவு, 400 எதிர்ப்பு என்றால் 200. எதிர்ப்பே இல்லாத 150 அதன் கீழே போய்விடும், சண்டைக்குரியது மேலே நிற்கும். வெறும் வீதமும் ஏமாற்றும்: 3க்கு 3 வாங்கியது 100க்கு 90 வாங்கியதை முந்திவிடும். வாக்குக் குறைவாக இருந்தால் வீதத்தையும் இறக்கிக் கணிக்கும் வில்சன் சூத்திரத்தின் கீழெல்லையை எடுத்தால் (95 வீத நம்பிக்கையில்) முன்னது ஏறத்தாழ 44 வீதம், பின்னது 83.

நேரத்தையும் மறக்கக்கூடாது. யாழ்ப்பாணத்தில் இரவு 8 மணி என்றால் கோடையில் ரொறன்ரோவில் காலை 10.30, எல்லாரும் வேலையில். வாக்கெடுப்பை 72 மணித்தியாலம் திறந்து வையுங்கள், அதற்குள் ஒரு ஞாயிறு வரட்டும். தோற்ற முன்மொழிவை அழிக்காமல், எத்தனை வாக்கு எடுத்தது, மறுபடி எப்போது கொண்டுவரலாம் என்பதை முடிவுடன் சேர்த்து அறிவியுங்கள்.