ஹேண்டிகேப் கணக்கு: சராசரி வேறு, இது வேறு

எங்கள் கோல்ஃப் கிளப்பில் ஸ்கோர் அட்டைகளைப் பதிவு செய்வது என் பொறுப்பு. புதிதாக ஆட வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் கேட்பார்கள்: "சார், சராசரியா 97 அடிக்கிறேன், பார் 72. அப்போ என் ஹேண்டிகேப் 25 தானே?" (மைதானத்தை முடிக்க நல்ல ஆட்டக்காரருக்குத் தேவைப்படும் அடிகள்தான் பார்; போட்டியில் உங்கள் ஸ்கோரிலிருந்து கழிக்கும் சலுகை அடிகளுக்கு அடிப்படை ஹேண்டிகேப்.) இல்லை. நன்றாக ஆடும் நாளில் உங்களால் எவ்வளவு முடியும் என்பதைத்தான் ஹேண்டிகேப் சொல்கிறது.

2020-இல் வந்த உலக ஹேண்டிகேப் முறையில் மைதானத்தின் ஒவ்வொரு டீக்கும் (ஆட்டத்தைத் தொடங்கும் இடம்) இரண்டு எண்கள் உண்டு. திறமையான ஸ்க்ராட்ச் (ஹேண்டிகேப் பூஜ்யம் உள்ள) ஆட்டக்காரர் அங்கே எவ்வளவு அடிப்பார் என்பது கோர்ஸ் ரேட்டிங். அவரைவிட சாதாரண ஆட்டக்காரருக்கு அந்த இடம் எவ்வளவு கூடுதலாகச் சிரமம் தரும் என்பது ஸ்லோப். 55 முதல் 155 வரை போகும், 113 நடுநிலை.

ரேட்டிங் 70.5, ஸ்லோப் 120 உள்ள டீயில் 95 அடித்தீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 95-இல் 70.5 போனால் 24.5. அதை 113-ஆல் பெருக்கி 120-ஆல் வகுத்தால் 23.1. இதுதான் அன்றைய டிஃபரென்ஷியல். (வானிலையால் எல்லாருக்குமே ஆட்டம் கெட்ட நாளில் சிறு திருத்தமும் சேரும்.) கடைசி 20 சுற்றுகளில் மிகக் குறைந்த 8 டிஃபரென்ஷியல்களின் சராசரிதான் உங்கள் இன்டெக்ஸ், அதாவது உங்கள் ஹேண்டிகேப் எண். மூன்றே அட்டை இருந்தால், குறைந்ததில் 2 கழிப்பார்கள்.

இன்டெக்ஸை அப்படியே போட்டிக்கு எடுத்துப் போகக்கூடாது. 22.4 வைத்திருப்பவருக்கு மேலே சொன்ன டீயில், பார் 72 என்றால், 22 அடிகள் சலுகை. ஸ்லோப் 135, ரேட்டிங் 72.3 உள்ள வேறொரு பார் 72 மைதானத்தில் அவருக்கே 27. இன்டெக்ஸை ஸ்லோப்பால் பெருக்கி, 113-ஆல் வகுத்து, ரேட்டிங்குக்கும் பாருக்கும் உள்ள வித்தியாசத்தைச் சேர்த்தால் இது வரும்.

ஒரு ஹோலில் (டீயிலிருந்து குழி வரையிலான ஒரு பகுதி, மொத்தம் 18) எல்லாம் கெட்டுப்போனாலும் பயமில்லை. அந்த ஹோலின் பார், அதோடு 2, அதோடு அந்த ஹோலில் உங்களுக்குள்ள சலுகை அடிகள்: ஹேண்டிகேப் கணக்கில் அதற்கு மேல் ஏறாது. 22 சலுகை உள்ளவருக்கு 18 ஹோல்களிலும் ஒவ்வொரு அடி போக மீதி நான்கு இருப்பதால், மிகக் கடினமான நான்கு ஹோல்களில் இரண்டிரண்டு அடி கிடைக்கும். அதில் ஒன்று பார் 4 என்றால், 10 அடித்தாலும் 8 என்றே எழுதுவேன்.

அதனால் மோசமான அட்டையையும் தயவுசெய்து கொடுங்கள். அது அந்த 8-க்குள் வராமல் போகலாம், ஆனால் பழைய நல்ல சுற்று ஒன்றை 20-க்கு வெளியே தள்ளிவிடலாம். நல்ல அட்டையை ஒளித்து வைப்பதோ, கூட ஆடுகிறவரின் பரிசைப் பறிப்பதுதான். வேண்டுமென்றே இன்டெக்ஸை இஷ்டம்போல் ஏற்றவும் வழியில்லை: கடந்த ஓராண்டின் மிகக் குறைந்த இன்டெக்ஸைவிட 3 கூடியதும் ஏற்றம் பாதியாகும், 5-இல் நின்றுவிடும்.