நார்வேயில் சாப்பிடப் போகிறீர்களா? இந்தத் தவறுகள் வேண்டாம்

நார்வேக்குப் போகிறவர்கள் பலர் செய்யும் தவறு, அமெரிக்கப் பழக்கத்தில் பில்லுக்கு மேல் 20 சதவீதம் வைப்பது. அங்கே பரிமாறுகிறவர் டிப்ஸை நம்பிப் பிழைப்பதில்லை. உணவக ஊழியர்களுக்கு 2018 முதல் சட்டப்படி குறைந்தபட்சக் கூலி உண்டு. மெனுவில் போட்ட விலையிலேயே வரியும் அடக்கம். எதுவும் வைக்காமல் எழுந்து வந்தாலும் யாரும் முகம் சுளிக்க மாட்டார்கள். மேசைக்கு வந்து நன்றாகக் கவனித்தார்களா? 475 குரோனர் பில்லை 500 ஆக்குங்கள், போதும். மிக நிறைவாக இருந்தால் 10 சதவீதம் வரை போகலாம். கவுண்டரில் வாங்கும் காபிக்கு டிப்ஸ் தேவையே இல்லை.

கார்டு மெஷினில்தான் நிஜமான ஆபத்து இருக்கிறது. சில மெஷின்கள் டிப்ஸையும் சேர்த்து மொத்தத் தொகையை நம்மையே தட்டச் சொல்லும். அவசரத்தில் அங்கே பின் நம்பரைத் தட்டிவிட்டால், அந்த நான்கு இலக்கமே கட்டவேண்டிய தொகையாகிவிடும். திரையில் ‘டிப்ஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். நார்வேஜிய மொழியிலும் அதே சொல்தான். சதவீதம் காட்டினாலும் தயங்காமல் வேண்டாம் என்று அழுத்தலாம்.

தண்ணீர் பாட்டிலுக்குக் காசு கொடுக்காதீர்கள். குழாய்த் தண்ணீர் அருமையாக இருக்கும். கேட்டால் பெரும்பாலும் இலவசமாகவே தருவார்கள்.

ராத்திரி பார்த்துக்கொள்ளலாம் என்று பீர் வாங்குவதைத் தள்ளிப்போட்டாலும் ஏமாற்றம்தான். மளிகைக் கடைகளில் வார நாட்களில் 8 மணியோடும், சனிக்கிழமை மாலை 6 மணியோடும் விற்பனை நின்றுவிடும். ஞாயிறன்று கிடையாது. 4.7 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ளதை அரசின் வின்மொனொபோலே கடையில்தான் வாங்கலாம்.

யாராவது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டால் சொன்ன நேரத்துக்குப் போங்கள், செருப்பை வாசலிலேயே கழற்றுங்கள். சைவம் என்றால் மீனும் வேண்டாம் என்று முன்பே தெளிவாகச் சொல்லிவிடுவது நல்லது. அப்புறம் ஒன்று. நம் பக்கம் சாப்பாட்டுக்கு நன்றி சொன்னால் அந்நியமாகப் படும். அங்கே சொல்லாமல் எழுந்தால்தான் குறை. பெற்ற தாயிடமே பிள்ளைகள் தினமும் சொல்லும் வார்த்தை அது: ‘தக் ஃபொர் மாத்தன்’, சாப்பாட்டுக்கு நன்றி. சமைத்தவர் ‘வெல் பெகொம்மெ’ என்பார்.