மங்கிய இறகில் வந்திறங்கும் ஆண் வாத்துகளை அடையாளம் காண்பது எப்படி?

அக்டோபரிலும் நவம்பரிலும் வடுவூர், கரைவெட்டி ஏரிகளில் வந்திறங்கும் வலசை வாத்துகளைப் பார்ப்போர், கூட்டம் முழுவதும் பழுப்பாக இருப்பதைக் கண்டு எல்லாமே பெட்டைகள் என்று குறித்துவிடுவது உண்டு. அவற்றுள் ஆண்களும் கணிசமாக இருக்கும் என்பதால், அந்தக் குறிப்பு கணக்கெடுப்பையே பிழையாக்கிவிடும்.

காரணத்தை அறிந்தால் அடையாளம் காண்பது எளிது. வட ஆசியாவில் பெட்டை அடைகாக்கத் தொடங்கியதும் பெரும்பாலான இனங்களில் ஆண் விலகிச் சென்றுவிடுகிறது. உடல் கனத்துக்குச் சிறகு சிறியது. ஆகவே பறப்பு இறகுகளை ஒவ்வொன்றாக உதிர்த்து நெடுங்காலம் தடுமாறாமல், அனைத்தையும் ஒருசேர உதிர்த்துவிடுகிறது. ஏறத்தாழ 3 முதல் 4 வாரங்கள் பறக்கவே இயலாத அந்நிலையில் பளிச்சென்ற நிறம் பகைவருக்கு இடங்காட்டிவிடும் என்பதால், அதற்கு முன்பே உடலில் பழுப்பு இறகுகள் முளைத்துவிடுகின்றன. பெட்டைக்கு இந்த உதிர்ப்பு குஞ்சுகளை வளர்த்த பின்னரே வருகிறது.

நமக்கு உதவும் செய்தி இதுதான்: உடல் இறகுகள் ஆண்டுக்கு இருமுறை மாறினாலும் சிறகின் இறகுகள் ஒருமுறைதான் மாறும். எனவே உடல் மங்கியிருக்கும்போதும் முதிர்ந்த ஆணின் சிறகு தன் நிறத்தை இழப்பதில்லை.

காலையில் ஏரியின் கிழக்குக் கரையில் வெயில் முதுகில் படும்படி நின்று, கூட்டம் தானாக எழும்பும்வரை பொறுத்திருங்கள். கல்லெறிந்தோ கைதட்டியோ கிளப்புவது, நெடுந்தொலைவு பறந்து களைத்து வந்த பறவைகளுக்குச் செய்யும் தீங்கு. நீலச்சிறகி ஆணின் முன்சிறகு வெளிறிய நீலச்சாம்பலாகவும், நாமத்தலை வாத்தின் முதிர்ந்த ஆணுக்கு அதே இடம் வெள்ளையாகவும் தெரியும். நீரில் மிதக்கும் ஊசிவால் வாத்தின் அலகைப் பாருங்கள்: ஆணுக்குப் பக்கங்கள் நீலச்சாம்பலாகவும் நடுவே கருங்கோடாகவும் இருக்கும், பெட்டைக்கு ஒரே சாம்பல் நிறம். தட்டைவாயன் ஆணின் கண் மஞ்சள்.

ஊசிவால் ஆண்கள் டிசம்பர், ஜனவரிக்குள் பெரும்பாலும் பழைய அழகுக்குத் திரும்பிவிடும், ஏனெனில் இங்கிருக்கும்போதே இணைதேடல் தொடங்கிவிடுகிறது. நீலச்சிறகியோ பிந்தியே நிறம் மாறும். இங்கேயே வாழும் புள்ளிமூக்கு வாத்திலும் சீழ்க்கைச்சிறகியிலும் ஆண் பெண் தோற்றம் ஏறத்தாழ ஒன்றே என்பதால் இந்த வழி பயன்படாது. முதலாண்டு இளம் பறவைகளும் பழுப்பாகவே இருக்கும். ஆதலால் சிறகும் அலகும் தெளிவாகத் தெரியாதபோது குறிப்பேட்டில் ‘பால் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள்.