கர்னலில் ஒரு பிராசஸைத் தவறின்றி உறங்க வைப்பது எப்படி

லினக்ஸின் மையப் பகுதியான கர்னலுக்காக, ஒரு கருவியை இயக்கும் டிரைவரை நீங்கள் எழுதுகிறீர்கள். அதனிடம் ஒரு நிரல் தரவு கேட்கிறது. கருவியிடமிருந்து தரவு இன்னும் வரவில்லை. வந்துவிட்டதா என்று சுழன்று பார்த்துக்கொண்டே இருந்தால் சிபியூவின் நேரம் வீணாகும் என்பதால், அந்தப் பிராசஸை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அந்த நிரலை, வெயிட் கியூ என்ற காத்திருப்போர் வரிசையில் சேர்த்து உறங்க வைத்து, தரவு வந்ததும், கருவி அனுப்பும் இன்டரப்ட் என்ற அறிவிப்பைக் கையாளும் இன்டரப்ட் ஹேண்ட்லர் அதனை எழுப்புமாறு செய்ய வேண்டும்.

இதில் கவனம் முழுவதும் செயல்களின் வரிசையில் இருக்க வேண்டும். தரவு இல்லை என்பதைப் பார்த்துவிட்டு, அதன் பிறகு உறங்கச் செல்வதுதான் இயல்பாகத் தோன்றும் முறை. ஆனால் அது தவறு. பார்த்த கணத்துக்கும் உறங்கும் கணத்துக்கும் இடையே இன்டரப்ட் வந்தால், கியூவில் எவரும் இல்லாத நேரத்தில் எழுப்பும் அழைப்பு வந்து போய்விடும். அதன் பின் உறங்கும் பிராசஸ், வந்துவிட்ட தரவுக்காகவே காத்துக்கிடக்கும். பழைய ஸ்லீப்-ஆன் ஃபங்ஷனில் இந்தக் குறையே இருந்தது. 2014இல் வெளியான 3.15 பதிப்பில் அது நீக்கப்பட்டது.

ஆகவே முதலில் ப்ரிப்பேர்-டு-வெயிட் என்ற ஃபங்ஷன் மூலம் கியூவில் சேர்ந்து, பிராசஸின் நிலையை உறக்கம் என்று மாற்றுங்கள். அதன் பிறகே நிபந்தனையைப் பாருங்கள். நிறைவேறவில்லை என்றால் மட்டும், சிபியூவை வேறு பிராசஸுக்கு விட்டுக்கொடுக்கும் ஸ்கெட்யூல் என்ற ஃபங்ஷனை அழையுங்கள். நிலையை மாற்றியதாலேயே பிராசஸ் நின்றுவிடுவதில்லை. இடையில் எவரேனும் எழுப்பினால் அந்த நிலை மீண்டும் ஓட்டம் என்று மாறிவிடும் என்பதால், ஸ்கெட்யூல் அதனை ஓடத் தயாரானவற்றின் வரிசையிலிருந்து அகற்றாது. எழுப்பும் தரப்பும் தரவை முதலில் வைத்துவிட்டு, அடுத்ததாகவே எழுப்ப வேண்டும்.

எழுந்ததும் நிபந்தனையை மறுபடி பார்ப்பது கட்டாயம். ஏனெனில் ஒரே கியூவில் பலர் எழுப்பப்பட்டிருக்கலாம், தரவை வேறொரு பிராசஸ் முந்தி எடுத்திருக்கலாம். இந்தச் சுழற்சி முழுவதும் வெயிட்-ஈவென்ட்-இன்டரப்டிபிள் என்ற மேக்ரோவுக்குள் (ஆயத்த நிரல்துண்டுக்குள்) அமைந்திருப்பதால், கையால் எழுதுவதைவிட அதனைப் பயன்படுத்துவதையே நான் வலியுறுத்துவேன். அது பூஜ்யம் அல்லாத மதிப்பைத் திருப்பினால், பிராசஸுக்குச் சிக்னல் என்ற குறுக்கீட்டு அறிவிப்பு வந்துள்ளது என்று பொருள். அதனைப் புறக்கணிக்காமல் ஃபங்ஷனை விட்டு வெளியேறுங்கள்.

சிக்னலுக்கு அசையாத உறக்கத்தை, விரைவில் முடிவது உறுதியான காத்திருப்புகளுக்கு மட்டுமே தேர்ந்தெடுங்கள். பிராசஸ்களைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் 'டி' என்று தெரியும் அத்தகைய பிராசஸை, வலுக்கட்டாயமாக நிறுத்தும் 'கில் மைனஸ் 9' கட்டளை கூட நிறுத்தாது. இந்த இடர்ப்பாட்டுக்காகவே, உயிரைப் பறிக்கும் சிக்னலுக்கு மட்டும் எழும் கில்லபிள் என்ற நிலை 2008இல் 2.6.25 பதிப்பில் சேர்க்கப்பட்டது.

காத்திருப்பவரைச் சுழன்றுகொண்டே இருக்கச் செய்யும் பூட்டான ஸ்பின்லாக்கைப் பிடித்தபடியோ இன்டரப்ட் ஹேண்ட்லருக்குள்ளோ ஒருபோதும் உறங்கக் கூடாது. டிரைவரைச் சோதிக்கும் கர்னலில் டீபக் அட்டாமிக் ஸ்லீப் என்ற அமைப்பை இயக்கி வைத்தால், அவ்வாறு உறங்க முயன்ற இடத்தைக் கர்னலே பதிவேட்டில் எழுதிக் காட்டும்.