புது டூல், புது பிரவுசர் டிரை பண்ணும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதுசா ஒரு நோட்ஸ் ஆப்போ, பிரவுசரோ, ஏஐ டூலோ வந்திருக்குன்னு கேள்விப்பட்டா உள்ள போயி ஒரு தடவ பாத்துடணும்னு கை துறுதுறுங்குது இல்ல, அதுல தப்பே கிடையாது, டிரை பண்ணிப் பாத்தாத்தான் நமக்கு எது செட்டாகும்னு தெரியும். சிக்கல் எங்க ஆரம்பிக்குதுன்னா, எட்டிப் பாக்கப் போன இடத்துல முதல் நாளே மூட்டை முடிச்சோட குடியேறிடறோம். மெயின் மெயில் ஐடி, போன்ல இருக்கற அத்தன கான்டாக்ட், பல வருஷத்து நோட்ஸ், கார்டு நம்பர்னு எல்லாத்தையும் கொஞ்ச நேரத்துல தூக்கிக் குடுத்துட்டு அப்புறம்தான் இது நமக்கு வேணுமான்னே யோசிக்கறோம். கீழ சொல்றதுல பாதிக்கு மேல இந்த அவசரத்துல வர்ற தப்புதான்.

வெளிய வர்ற வழிய பாக்காம உள்ள போறது

இதுதான் எல்லாத்துக்கும் தாய்த் தப்பு. 'இம்போர்ட்' பட்டன் முதல் ஸ்கிரீன்லயே பெருசா கண்ணு முன்னாடி நிக்கும். 'எக்ஸ்போர்ட்' எங்கன்னு தேடிப் பாருங்க, செட்டிங்ஸ்க்குள்ள போயி இன்னொரு மெனுக்குள்ள போயி எங்கயோ ஒரு மூலைல இருக்கும், சில டூல்ல பணம் கட்டுற பிளான்ல மட்டும் இருக்கும், சிலதுல இருக்கவே இருக்காது. எக்ஸ்போர்ட் இல்லாத டூல் எவ்ளோ அழகா இருந்தாலும் அதுல முக்கியமான எதையும் வைக்காதீங்க, என்னைக் கேட்டா அதுக்கு மேல அந்த டூலப் பத்தி பேசவே வேணாம்.

பெரிய கம்பெனிதானே, இழுத்து மூடவா போறாங்கன்னு நெனச்சா, பெரிய கம்பெனிங்களும் நிறைய மூடியிருக்காங்க. பல சைட்டோட புதுப் பதிவ ஒரே எடத்துல படிக்க வச்ச கூகுள் ரீடர 2013 மார்ச்சுல மூடப்போறோம்னு சொல்லி அதே வருஷம் ஜூலை 1 அன்னிக்கு மூடினாங்க. ஜிமெயிலுக்கு மாத்தா 2014ல வந்த இன்பாக்ஸ் ஆப் 2019ல போச்சு, கூகுள் பிளஸும் அதே வருஷம் ஏப்ரல்ல சாதாரண யூசருக்கு மூடிட்டாங்க. கூகுளோட பழைய சோஷியல் மீடியா ஆர்க்குட் 2014லயே காலி. ஃபயர்ஃபாக்ஸ் செய்யற மொஸில்லா வாங்கி வச்சிருந்த பாக்கெட் ஆப், அப்புறமா படிக்கலாம்னு லிங்க் சேத்து வைக்கறது, அது 2025 ஜூலைல நின்னுடுச்சு. அங்க எக்ஸ்போர்ட் குடுத்தாங்க, ஆனா வந்தது லிங்க், தலைப்பு, டேக் மாதிரி விவரம்தான், சேத்து வச்ச கட்டுரையோட முழு எழுத்து வராது. அதாவது அந்த வெப்சைட் செத்துப் போயிருந்தா உங்க கையில வெறும் லிங்க் மட்டும்தான். அதனால எக்ஸ்போர்ட் இருக்கான்னு மட்டும் பாத்தா பத்தாது, என்ன வெளிய வருதுன்னு பாக்கணும்.

மூடாமலே ரூல மாத்துறதும் உண்டு. கூகுள் போட்டோஸ்ல 2021 ஜூன் 1க்கு அப்புறம் ஃப்ரீ அன்லிமிடெட் போயிடுச்சு, எவர்நோட்ங்கற நோட்ஸ் ஆப் 2023 டிசம்பர்ல ஃப்ரீ பிளான 50 நோட்டு ஒரே ஒரு நோட்புக்னு சுருக்கிடுச்சு. ஆர்க் பிரவுசர் நல்லா பேர் வாங்கிட்டு இருந்தப்பவே 2025ல இனிமே புது வசதி எதுவும் பெருசா வராது, நாங்க டியான்னு வேற பிரவுசருக்குப் போறோம்னு சொல்லிட்டாங்க. இதுல யாரையும் திட்டறதுக்கு இல்ல, அவங்க அவங்க பொழப்ப பாக்கறாங்க, நாம நம்ம டேட்டாவ பாத்துக்கணும் அவ்ளோதான்.

செய்ய வேண்டியது ரொம்ப சின்ன வேலை. பழைய டேட்டா மொத்தத்தையும் கொட்டறதுக்கு முன்னாடி நாலஞ்சு நோட்டு மட்டும் போடுங்க, ஒண்ணுல படம், ஒண்ணுல டேபிள், ஒண்ணுல டேக், ஒண்ணு முழுக்க தமிழ்ல. அத எக்ஸ்போர்ட் பண்ணி வேற ஒரு ஆப்ல திறந்து பாருங்க. படம் வந்துச்சா, தேதி அப்படியே இருக்கா, டேக் எல்லாம் எங்க போச்சு, இதுலயே பாதி கத தெரிஞ்சிடும். இங்க ஒண்ணு சொல்லியாகணும், டேபிள் மாதிரி டேட்டாவ வெறும் எழுத்தா வைக்கற சிஎஸ்வி ஃபைல எக்செல்ல டபுள் கிளிக் பண்ணித் திறந்தா தமிழ் எழுத்தெல்லாம் கன்னாபின்னான்னு வேற ஏதோ குறியா தெரியும், உடனே டேட்டா போச்சுன்னு டூல் மேல பழி போடாதீங்க. பெரும்பாலும் அந்த ஃபைல் யுடிஎஃப்-8ங்கற எழுத்து முறைல இருக்கறத எக்செல் கண்டுபிடிக்காம விட்டதுதான் காரணம், டேட்டா மெனு வழியா அந்த ஃபைல உள்ள கொண்டு வந்து எழுத்து முறை யுடிஎஃப்-8னு குடுத்தா சரியாயிடும். தெரியாம அதையே சேவ் பண்ணிட்டாதான் நெஜமாவே போயிடும்.

தமிழ்னு சொன்னதும் இன்னொண்ணு. டெமோ வீடியோல காட்டறது எல்லாம் இங்கிலீஷ்லதான் இருக்கும், அதப் பாத்து முடிவு பண்ணாதீங்க. நீங்க தமிழ்ல எழுதற ஆளா இருந்தா தேடல் தமிழ்ல வேலை செய்யுதா, பிடிஎஃப் எடுத்தா கொம்பும் காலும் அதது எடத்துல நிக்குதா, ஆடியோவ எழுத்தாக்கற டூல் நம்ம பேச்சு வழக்குக்கு என்ன பண்ணுதுன்னு உங்க சொந்த மேட்டர வச்சே பாருங்க.

கேட்ட பெர்மிஷன் எல்லாம் குடுக்கறது

'கூகுள் மூலமா லாகின் பண்ணு'ங்கறது தப்பில்ல, புதுசா ஒரு பாஸ்வேர்டு உண்டாக்கி அத எல்லா எடத்துலயும் போடறதுக்கு இது எவ்வளவோ தேவலாம். ஆனா அடுத்த ஸ்கிரீன்ல என்ன கேக்கறாங்கன்னு படிக்கணும். பேரும் மெயில் ஐடியும் மட்டும் கேட்டா அது வெறும் லாகின். 'உங்க மெயில் எல்லாத்தையும் படிக்க, அனுப்ப, அழிக்க'ன்னு கேட்டா அது வேற கத. அன்ரோல் மீன்னு ஒரு ஃப்ரீ சர்வீஸ், தேவையில்லாத நியூஸ்லெட்டர் எல்லாம் நிறுத்தித் தர்றோம்னு சொல்லி ஜனங்களோட இன்பாக்ஸுக்குள்ள போச்சு. அதோட ஓனர் கம்பெனி மெயில்ல வர்ற பில்ல எல்லாம் படிச்சு, பேர எடுத்துட்டு அந்தத் தகவல விக்கறாங்கன்னு 2017ல வெளிய வந்துச்சு, ஊபரோட போட்டிக் கம்பெனியான லிஃப்ட் டாக்ஸியோட ரசீது விவரம் ஊபர் கைக்குப் போயிருந்தது. ஓசில ஒருத்தன் உங்க மெயிலப் பெருக்கித் தர்றான்னா குப்பைல அவனுக்கு என்ன கெடைக்குதுன்னு கேக்கணும் இல்லையா.

கான்டாக்ட் பெர்மிஷன் இன்னும் மோசம், ஏன்னா அதுல நீங்க குடுக்கறது அடுத்தவங்க நம்பர். கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாங்கற அரசியல் ஆலோசனை கம்பெனிக்கு ஃபேஸ்புக் டேட்டா போன விஷயத்துல, அதுக்கு வழியா இருந்த பெர்சனாலிட்டி குவிஸ் ஆப்ப போட்டவங்க சுமார் 2,70,000 பேர்தான், ஆனா அப்போ ஃபேஸ்புக் நண்பர்களோட டேட்டாவையும் எடுக்க விட்டதால பாதிக்கப்பட்டவங்க எண்ணிக்கை 8.7 கோடி வரைக்கும் இருக்கலாம்னு ஃபேஸ்புக்கே 2018ல சொல்லுச்சு. சும்மா ஒரு குவிஸ்.

அதே பாஸ்வேர்ட திரும்பத் திரும்பப் போடறதப் பத்தி எல்லாரும் சொல்லியாச்சு, ஆனா டிரை பண்ற எடத்துலதான் அது ஜாஸ்தி நடக்குது, சும்மா பாக்கத்தானே போறோம்னு பழகின பாஸ்வேர்டையே அடிச்சிடறோம். சோஷியல் மீடியாவுக்கு குட்டி குட்டி ஆப் செஞ்சுட்டு இருந்த ராக்யூங்கற கம்பெனில இருந்து 2009ல 3.2 கோடி பாஸ்வேர்டு களவு போச்சு, எல்லாத்தையும் மறைக்காம வெறும் எழுத்தாவே வச்சிருந்தாங்க. அந்த லிஸ்ட்ட இன்னிக்கும் பாஸ்வேர்டு உடைக்கறதுக்கு யூஸ் பண்றாங்க. டிரையலுக்குன்னு தனியா ஒரு மெயில் ஐடி வச்சுக்கோங்க, இல்லன்னா ஜிமெயில்ல உங்க பேருக்கு அப்புறம் ஒரு பிளஸ் குறி போட்டு டூல் பேர சேத்துக் குடுங்க, மெயில் உங்களுக்கேதான் வரும், நாளைக்கு அந்த முகவரிக்கு குப்பை வந்தா எங்கேந்து கசிஞ்சுதுன்னும் தெரிஞ்சிடும். சில சைட்டு பிளஸ் குறிய ஏத்துக்காது, அங்க தனி ஐடிதான்.

எக்ஸ்டென்ஷன்

ஆப்ப விட, பிரவுசருக்குள்ள கூடுதலா போடற குட்டி புரோகிராமான எக்ஸ்டென்ஷன்லதான் நான் ரொம்ப கறாரா இருப்பேன். 'எல்லா வெப்சைட்லயும் உங்க டேட்டாவ படிக்கவும் மாத்தவும்'னு ஒரு பெர்மிஷன் வரும் பாருங்க, அத குடுத்தா நீங்க பாக்கற ஒவ்வொரு பக்கத்தையும், மெயில், பேங்க் உட்பட, அதுவும் பாக்கலாம். இன்னிக்கு நல்லா இருக்கறது நாளைக்கும் நல்லா இருக்கும்னு சொல்லவும் முடியாது. தி கிரேட் சஸ்பென்டர்னு ஒண்ணு, யூஸ் பண்ணாத டேப எல்லாம் தூங்க வைக்கும், லட்சக்கணக்கான பேர் வச்சிருந்தாங்க. அத எழுதினவர் 2020ல வேற ஆளுக்கு வித்துட்டார், உள்ள கெட்ட கோடு இருக்குன்னு 2021 பிப்ரவரில கூகுள் தூக்கிடுச்சு. சைபர்ஹேவன் கம்பெனி கதை இன்னும் வேடிக்கை, அவங்களே செக்யூரிட்டி கம்பெனி, 2024 கிறிஸ்மஸ் சமயத்துல அவங்க ஊழியர் ஒருத்தர ஃபிஷிங்ங்கற போலி மெயில்ல ஏமாத்தி அவங்க எக்ஸ்டென்ஷனுக்கே திருட்டு அப்டேட் ஏத்திட்டாங்க. அப்டேட் தானா வரும், புதுசா பெர்மிஷன் கேட்டாத்தான் பிரவுசர் உங்ககிட்ட சொல்லும், ஏற்கனவே எல்லா சைட்டுக்கும் குடுத்து வச்சிருந்தா கேக்கறதுக்கு என்ன இருக்கு.

குரோம்ல ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் 'கிளிக் பண்ணும்போது மட்டும்' வேலை செய்னு செட் பண்ணலாம், நிறைய எக்ஸ்டென்ஷனுக்கு அதுவே போதும். டிரை பண்றதுக்குன்னே ஒரு தனி பிரவுசர் புரொஃபைல் வச்சு அதுல போட்டுப் பாருங்க, அந்த புரொஃபைல்ல பேங்க் லாகின் இருக்கக்கூடாது. இன்காக்னிடோல போட்டா சேஃப்னு ஒரு நெனப்பு இருக்கு, அது உங்க கம்ப்யூட்டர்ல ஹிஸ்டரி சேராம பாத்துக்கும், நீங்க லாகின் பண்ற சைட்டுகிட்ட இருந்து எதையும் மறைக்காது.

பிரவுசர் மாத்தும்போது

புது பிரவுசர் போட்டதும் எல்லாரும் சொல்றது 'யப்பா என்ன ஸ்பீடு'. இருக்காதா பின்ன, பழையதுல பதினெட்டு எக்ஸ்டென்ஷன், நூறு டேப், புதுசுல ஒண்ணுமே இல்ல. பழைய பிரவுசர்லயே ஒரு காலி புரொஃபைல் திறந்து அதோட ஒப்பிட்டுப் பாருங்க, பல சமயம் வித்தியாசமே தெரியாது. இன்னும் சொல்லப்போனா எட்ஜ், பிரேவ், விவால்டி, ஓப்பரா எல்லாத்துக்கும் அடில ஓடறது குரோமோட அதே குரோமியம்ங்கற அடிப்படை சாஃப்ட்வேர்தான், எட்ஜ் 2020 ஜனவரில அதுக்கு மாறிடுச்சு. உண்மையாவே வேற இன்ஜின், அதாவது பக்கத்த காட்டற உள் பகுதி, வேணும்னா ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி பக்கம் போகணும். ஐபோன்ல ரொம்ப வருஷமா எந்த பிரவுசர் போட்டாலும் உள்ள இருக்கறது சஃபாரியோட வெப்கிட்தான், 2024ல ஐரோப்பிய யூனியனுக்கு மட்டும் ஆப்பிள் வழி விட்டுச்சு. அதனால பிரவுசர ஸ்பீட வச்சு பாக்காம டேப் எப்படி கையாளுது, நம்மள சைட்டு சைட்டா பின்தொடர்ற டிராக்கர தடுக்குதா, குரோமியம்ல செக்யூரிட்டி ஓட்டை அடைச்சா இவங்க எத்தன நாள்ல அப்டேட் தர்றாங்கன்னு பாருங்க. கடைசி விஷயம் முக்கியம், சின்ன டீம் செய்யற பிரவுசர்ல அங்கதான் இடிக்கும்.

பாஸ்வேர்ட மாத்தும்போது ஒரு கவனம். பழையதுல இருந்து எக்ஸ்போர்ட் பண்ணா வர்ற சிஎஸ்வி ஃபைல்ல எல்லா பாஸ்வேர்டும் பூட்டில்லாம பச்சையா இருக்கும். இம்போர்ட் முடிஞ்சதும் அத டவுன்லோட்ஸ் ஃபோல்டர்லயே விட்டுட்டு போயிடறாங்க, அந்த ஃபோல்டர் கிளவுடோட சிங்க் ஆகிட்டிருந்தா கேக்கவே வேணாம். அழிச்சுட்டு ரீசைக்கிள் பின்னயும் காலி பண்ணுங்க. புக்மார்க்குக்கு இந்தத் தலைவலி இல்ல, நெட்ஸ்கேப் காலத்து எச்டிஎம்எல் ஃபைல் முறைதான் இன்னிக்கும் எல்லா பிரவுசருக்கும் பொது, அத எங்க வேணா கொண்டு போகலாம். ஒரு வாரம் டிரை பண்றதுன்னா அந்த வாரம் முழுக்க அதையே டிஃபால்ட்டா வச்சுக்கோங்க, பாதி அதுல பாதி இதுலன்னு ஆத்துல ஒரு கால் சேத்துல ஒரு கால் வச்சா எதுவும் புரியாது.

ஆமா, டவுன்லோட் எங்க பண்றீங்கங்கறதும் இருக்கு. தேடல்ல மேல வர்ற விளம்பர லிங்க்ல கிளிக் பண்ணாதீங்க, பேர் பெற்ற சாஃப்ட்வேர் மாதிரியே போலி சைட் செஞ்சு விளம்பரம் குடுக்கறது சர்வசாதாரணம். பிடிஎஃப்ப வேர்டா மாத்தறேன்னு வர்ற ஃப்ரீ சைட்டுகள்ல சிலது மால்வேர் ஏத்துதுன்னு 2025ல எஃப்பிஐயே எச்சரிச்சிருக்கு.

ஏஐ டூல்ல கையில கெடச்சத ஒட்டறது

டெஸ்ட் பண்ணத்தானேன்னு ஆபீஸ் டாகுமெண்ட், மெடிக்கல் ரிப்போர்ட், அடுத்தவங்க சாட் எல்லாத்தையும் ஒட்டிடறாங்க. சாம்சங் ஊழியர்கள் சோர்ஸ் கோட சாட்ஜிபிடில போட்டது 2023ல செய்தியாச்சு, அப்புறம் கம்பெனி அந்த மாதிரி டூலுக்கே தடை போட்டுச்சு. 2025ல சாட்ஜிபிடி உரையாடல ஷேர் பண்ணும்போது தேடல்ல காட்டலாம்னு டிக் பண்ணவங்களோட பேச்செல்லாம் கூகுள்ல வந்துது, அப்புறம் ஓப்பன்ஏஐ அந்த வசதியையே எடுத்துடுச்சு. ஒட்டறதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல நம்ம டேட்டாவ டிரெய்னிங்குக்கு எடுக்கற ஆப்ஷன் ஆன்ல இருக்கான்னு பாருங்க. உங்களுக்குப் பதிலா தானே கிளிக் பண்ற ஏஐ பிரவுசர் இப்ப வருது, வெப்பேஜ்ல ஒளிச்சு வச்ச எழுத்த அது கட்டளைன்னு நம்பி நடந்துக்கற ஓட்டைய பெர்ப்ளெக்ஸிட்டிங்கற ஏஐ கம்பெனியோட காமெட் பிரவுசர்ல பிரேவ் பிரவுசர் ஆளுங்க 2025ல காட்டியிருக்காங்க. அதுல விளையாடலாம், மெயிலும் பேங்கும் லாகின்ல இருக்கற புரொஃபைல்ல வேணாம்.

டிரையல் முடிஞ்சப்புறம்

ஆப்ப போன்ல இருந்து தூக்கிட்டா எல்லாம் முடிஞ்சுதுன்னு விட்டுடறதுதான் கடைசி தப்பு. அக்கவுண்ட் அங்கயே இருக்கும், குடுத்த பெர்மிஷனும் இருக்கும், கார்டும் இருக்கும். மொதல்ல வேண்டியத எக்ஸ்போர்ட் பண்ணுங்க, அப்புறம் சப்ஸ்கிரிப்ஷன கேன்சல் பண்ணுங்க, அப்புறம் அந்த சைட்டுக்குள்ள போயி அக்கவுண்ட டெலீட் பண்ணுங்க, கடைசியா கூகுள் அக்கவுண்ட் செட்டிங்ஸ்ல மூணாம் பார்ட்டி ஆப் லிஸ்ட்டுக்குப் போயி தொடர்ப வெட்டுங்க, அந்த லிஸ்ட்ல வேற என்னென்ன பழசு உக்காந்திருக்குன்னும் அப்பவே பாத்துக்கலாம். ஆண்ட்ராய்டு, ஐபோன் ஸ்டோர் வழியா எடுத்த சப்ஸ்கிரிப்ஷன் ஆப்ப அழிச்சாலும் நிக்காது, ஸ்டோர்ல போயி நிறுத்தினாத்தான் நிக்கும். ஃப்ரீ டிரையலா இருந்தா முடியற தேதிக்கு ஒரு நாள் முன்னாடியாவது நிறுத்திடுங்க, சில டூல்ல நிறுத்தின நிமிஷமே வசதி போயிடும், சிலதுல கடைசி நாள் வரை ஓடும், அது பெரும்பாலும் கேன்சல் பண்ற ஸ்கிரீன்லயே எழுதியிருக்கும்.