'அப்லே' வினையை அசை பிரித்து ஒலிப்பது எப்படி?

பிரெஞ்சு கற்கத் தொடங்குபவர்கள் தம் பெயரைச் சொல்ல முதலில் பழகும் 'ஜ ம-பெல்' என்னும் தொடரில் இருப்பது, 'அழைத்தல்' என்று பொருள்படும் 'அப்லே' (appeler) என்ற வினையாகும். நிகழ்காலத்தில் இவ்வினை சில இடங்களில் ஒரு எல் (l) எழுத்தையும் சில இடங்களில் இரண்டையும் பெறுவதற்குக் காரணம் அசைப் பிரிப்பே.

முதலில், ஒலிக்காத விகுதிகளை நீக்குங்கள். நான், நீ, அவன், அவர்கள் என்னும் நான்கு இடங்களிலும் விகுதி எழுத்தில் மட்டுமே நிற்கிறது. 'அவர்கள்' இடத்தில் வரும் ஈ (e), என் (n), டி (t) ஆகிய மூன்று எழுத்துகளும் ஒலிப்பதில்லை. ஆகவே நான்கும் 'அ-பெல்' என்றே ஒலிக்கும். நாம், நீங்கள் ஆகிய இடங்களில் மட்டும் விகுதி ஒலிப்பதால் 'அ-ப-லோ', 'அ-ப-லே' என்று அமைகின்றன. இந்த 'லோ' மூக்கின் வழியாகவும் வர வேண்டும். ஆனால் இறுதியில் னகரமோ ஙகரமோ கேட்கக் கூடாது.

அடுத்து, நடுவிலுள்ள ஈ எழுத்தின் அசை எதில் முடிகிறது என்று பாருங்கள். எல் அடுத்த அசைக்குச் சென்றுவிட்டால் முந்தைய அசை உயிரில் முடியும். அங்கே ஈ தேய்ந்து, பாரிஸ் பேச்சில் பெரும்பாலும் மறைந்து, 'அ-ப்லோ' என்றாகிறது. தென் பிரான்சில் அது இன்றும் கேட்கும். விகுதி ஒலிக்காத இடங்களில் எல் ஒற்றாக நின்று அசையை மூடுகிறது. மூடிய அசையில் ஈ தெளிவான எகரமாக ஒலிக்கிறது என்பதைக் காட்டவே எல் இரட்டிக்கிறது. 1990ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தம் இவ்வகை வினைகள் பலவற்றில் இரட்டிப்புக்குப் பதிலாக ஈயின் மேல் சாய்கோட்டைப் பரிந்துரைத்தபோதும், இவ்வினையில் கை வைக்கவில்லை.

தமிழர் மிகவும் கவனிக்க வேண்டியது பகரம். 'அபெல்' என்று எழுதினால் 'அபாயம்' என்பதில் வருவதுபோல் பகரம் மெலிந்துவிடும். 'அப்பெல்' என்று எழுதினால் 'அப்பா' என்பதுபோல் நீண்டுவிடும். இரண்டும் பிழை. 'பல்' என்பதன் முதல் ஒலியை மெலிக்காமலும் இரட்டிக்காமலும் இடையில் வைத்துச் சொல்லுங்கள்; அழுத்தம் கடைசி அசைக்கு உரியது.

இறுதியாக, எழுவாயைச் சேர்த்துப் பழகுங்கள். 'அவன் அழைக்கிறான்' என்பது 'இ-ல-பெல்'. 'அவர்கள் அழைக்கிறார்கள்' என்பது 'இல்-ஸ-பெல்'. தொண்டை அதிரச் சொல்லப்படும் அந்த ஸகரம் ஒன்றே ஒருமையையும் பன்மையையும் காதுக்குப் பிரித்துக் காட்டுவதால், இவ்விரண்டையும் அடுத்தடுத்து வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்.