எட்டில் தொடங்கும் ஸ்டிக்கரைத் தேட வேண்டாம்: அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

அமெரிக்காவில் இறங்கி முதல் வாரச் சாமான் வாங்குவதற்குள் அந்த வாட்ஸப் செய்தி உங்களுக்கு வந்திருக்கும். பழத்தில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் நான்கு இலக்க எண் இருந்தால் சாதாரணம், 9-ல் தொடங்கும் ஐந்து இலக்கம் இருந்தால் ஆர்கானிக், 8-ல் தொடங்கினால் மரபணு மாற்றியது, தொடாதே, ஓடிவிடு என்று. இதில் 9 பற்றிச் சொல்வது சரி. 4011 என்றால் சாதாரண வாழைப்பழம், 94011 என்றால் ஆர்கானிக் வாழைப்பழம். ஆனால் 8-ஐத் தேடிக்கொண்டு கடை முழுக்கச் சுற்றினாலும் கிடைக்காது. மரபணு மாற்றிய பொருளுக்கென்று அந்த எண்ணை ஒதுக்கி வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். கடையில் யாரும் அதை ஒட்டவே இல்லை. இந்த எண்களே பில் போடும் இடத்தில் விலை தட்டுவதற்காக வந்தவை, ஒட்டச் சொல்லிச் சட்டம் எதுவும் கிடையாது. 2015-ல் இந்த எண்களை நிர்வகிக்கும் சர்வதேச அமைப்பு 8-ஐ அந்த வேலையிலிருந்தே விடுவித்து, நான்கு இலக்க எண்கள் தீர்ந்தால் சாதாரணக் காய்கறி பழங்களுக்கே கொடுக்கலாம் என்று முடிவு செய்துவிட்டது. அதனால் நாளைக்கே 8-ல் தொடங்கும் ஸ்டிக்கர் ஒன்றைப் பார்த்தாலும் பதற வேண்டியதில்லை. நான்கு இலக்கத்தைப் பார்த்து நிம்மதி அடையவும் வேண்டாம், ஏனென்றால் அது ஆர்கானிக் இல்லை என்று மட்டும்தான் சொல்கிறது, மரபணு விஷயத்தில் அது வாயே திறக்காது.

சரி, பிறகு எப்படிக் கண்டுபிடிப்பது? காய்கறிப் பிரிவில் மரபணு மாற்றிய வகை உள்ளவை கைவிரல்களுக்குள் அடங்கும். அந்தச் சிலவற்றைத் தெரிந்துகொண்டால் போதும், மற்றதை யோசிக்காமல் கூடையில் போடலாம்.

முதலில் பப்பாளி. ஹவாய் தீவில் 90-களில் வளைப்புள்ளி வைரஸ் தோட்டம் தோட்டமாக அழித்துக்கொண்டு வந்தபோது, அந்த வைரஸின் ஒரு மரபணுத் துண்டையே மரத்துக்குள் செலுத்தி எதிர்ப்புச் சக்தி உள்ள ரகங்களை உருவாக்கினார்கள். ரெயின்போ, சன்அப் என்ற அந்த ரகங்கள் 1998-ல் விவசாயிகள் கைக்கு வந்தன; இன்று ஹவாயில் விளைவதில் பெரும்பகுதி இந்த வகைதான். பேரிக்காய் வடிவத்தில், ஒரு கைக்குள் அடங்குகிற சின்னப் பப்பாளியாக இருந்து, ஸ்டிக்கரில் ஹவாய் என்று இருந்தால் அதுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. மெக்சிகோவிலிருந்து வரும் நீளமான பெரிய பப்பாளியில் இந்தக் கவலை இல்லை. பழமும் காயும் எந்த நாட்டில் விளைந்தவை என்று பெரிய கடைகள் காட்டியே ஆக வேண்டும் என்பது இங்கே சட்டம், அதனால் அந்தச் சின்ன எழுத்தைப் படிக்கிற பழக்கம் பப்பாளிக்கு ரொம்பவே உதவும்.

அடுத்து ஆப்பிள். ஆர்க்டிக் என்ற பெயரில் வரும் ரகத்தில், வெட்டினால் பழுப்பாக மாற்றுகிற நொதியை அடக்கி வைத்திருக்கிறார்கள். 2015-ல் அனுமதி கிடைத்தது, பெரும்பாலும் துண்டு போட்டுப் பையில் விற்பார்கள். ஆனால் பையில் இருக்கும் துண்டு வெள்ளையாக இருக்கிறது என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்; சாதாரண ஆப்பிள் துண்டு கறுக்காமல் இருக்க கால்சியம் அஸ்கார்பேட் தெளிப்பது இங்கே வழக்கம். பையைத் திருப்பி, உட்பொருள் வரிசையில் அது இருக்கிறதா, ஆர்க்டிக் என்ற பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். முழு ஆப்பிளில் கிட்டத்தட்ட எல்லாமே வழக்கமான ரகங்கள்தான்.

இளஞ்சிவப்புச் சதை உள்ள அன்னாசி ஒன்று இருக்கிறது. கோஸ்டா ரிக்காவில் விளைகிறது, 2020-லிருந்து விற்பனையில், தலையில் இலைக் கொத்து இருக்காது. தனிப் பெட்டியில் அலங்காரமாக வரும், தெரியாமல் வாங்கிவிட வாய்ப்பே இல்லை. ஊதாத் தக்காளியும் அப்படித்தான், ஆனால் அதில் ஒரு குழப்பம் உண்டு. தோல் மட்டும் ஊதாவாக இருக்கும் தக்காளி சாதாரணக் கலப்பில் வந்தது. அறுத்தால் சதை முழுக்க அடர் ஊதாவாக இருந்தால் அதுதான் ஸ்னாப்டிராகன் பூவின் மரபணு சேர்த்தது. விதை 2024-லிருந்து வீட்டுத் தோட்டக்காரர்களுக்கே கிடைக்கிறது. கல் மாதிரி இருக்கும் சிவப்புத் தக்காளியைப் பார்த்துச் சந்தேகப்படுகிறவர்கள் நிறைய பேர். அது காயாகவே பறித்து எத்திலீன் வாயுவில் பழுக்க வைத்தது, ருசி இல்லாததற்கு அது ஒரு முக்கியக் காரணம்.

உண்மையிலேயே கண்ணால் பிடிக்க முடியாதவை மூன்று: ஸ்வீட் கார்ன், உருளைக்கிழங்கு, வெள்ளரிக்காய் போல் இருக்கும் ஜுக்கினியும் அதன் இனமான மஞ்சள் ஸ்குவாஷும். மூன்றிலும் மரபணு மாற்றிய ரகங்கள் சந்தையில் உண்டு, வழக்கமானவையும் உண்டு, இரண்டையும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் சொல்ல முடியாது. தவிர்க்க நினைத்தால் இந்த மூன்றுக்கு மட்டும் ஆர்கானிக் வாங்கக் கூடுதல் பணம் கொடுப்பது நியாயம். வாழைப்பழத்துக்கும் வெங்காயத்துக்கும் இந்தக் காரணத்துக்காக அதிகம் கொடுப்பது என் கணக்கில் வீண் செலவு. கத்தரிக்காயைக் கேட்பீர்கள்: மரபணு மாற்றிய உணவுகள் பற்றிய அமெரிக்க அரசின் பட்டியலில் கத்தரியும் இருக்கிறது, ஆனால் அது பங்களாதேஷில் பயிராகும், புழுவை எதிர்க்கும்படி மரபணு மாற்றிய பிடி கத்தரி ரகங்களுக்கு மட்டும்.

விதையில்லாத தர்பூசணி, விதையில்லாத திராட்சை, பஞ்சுமிட்டாய் ருசி திராட்சை, ஆரஞ்சு நிறக் காலிஃபிளவர், உள்ளங்கை அளவு ஸ்ட்ராபெர்ரி, இவை எல்லாம் மரபணு மாற்றியவை அல்ல. தர்பூசணியில் விதை இல்லாதது மூன்று தொகுதி குரோமோசோம் இருக்கும்படி கலப்பு செய்ததால். ஆரஞ்சுக் காலிஃபிளவர் கனடாவில் ஒரு வயலில் தானாகவே முளைத்த மாற்றம். விசித்திரமாக இருப்பதெல்லாம் ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது என்று நினைத்தால் கடையில் பாதியை ஒதுக்க வேண்டிவரும்.

லேபிள் பற்றி. 2022 ஜனவரி 1 முதல் இங்கே மரபணு மாற்றிய உணவுக்கு அறிவிப்பு கட்டாயம், ஆனால் எல்லோரும் சொல்கிற ஜிஎம்ஓ (மரபணு மாற்றியது) என்ற சொல் எழுதியிருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பயோஎன்ஜினியர்ட் என்ற சொல்தான் இருக்கும், அல்லது வயலும் சூரியனும் உள்ள ஒரு வட்டச் சின்னம், சில சமயம் வெறும் கியூஆர் கோடு. மூட்டையிலோ தொட்டியிலோ கொட்டி வைத்திருக்கும் காய்க்கு அந்தத் தொட்டி மேல் பலகையில் போட வேண்டும், அதனால் கண்ணை விலைப் பலகைக்கும் ஒருமுறை ஓட்டுங்கள். உணவகங்களுக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. ஆர்கானிக் முத்திரை இருந்தால் மரபணு மாற்றம் தடை, அது நம்பகமான வழி. பட்டாம்பூச்சிச் சின்னம், மரபணு மாற்றியது இல்லை என்று ஒரு தனியார் அமைப்பு சரிபார்த்துக் கொடுப்பது, அதுவும் பரவாயில்லை, ஆனால் மரபணு மாற்றிய வகையே இல்லாத பொருளிலும் அதை ஒட்டி விற்பார்கள். நேச்சுரல் என்ற சொல்லுக்கு இந்த விஷயத்தில் ஒரு அர்த்தமும் இல்லை.

அப்புறம், இதெல்லாம் ஆபத்தா என்று கேட்டால், அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 2016-ல் வெளியிட்ட பெரிய அறிக்கை, விற்பனையில் இருப்பவற்றால் உடலுக்குக் கூடுதல் கேடு என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றுதான் சொன்னது. தெரியாமல் ஒரு ஜுக்கினி சாப்பிட்டுவிட்டால் தூக்கம் கெட வேண்டாம். விதை நிறுவனம், களைக்கொல்லி என்று வேறு காரணத்துக்காகத் தவிர்ப்பவர்களும் உண்டு, அது அவரவர் விருப்பம். ஆனால் தவிர்ப்பதில் உறுதியாக இருந்தால் காய்கறிப் பிரிவைவிட எண்ணெய், சர்க்கரை, பாக்கெட் வரிசைகளில் அதிக நேரம் செலவிடுங்கள்: இந்த நாட்டில் விளையும் மக்காச்சோளத்திலும் சோயாவிலும் 90 சதவீதத்துக்கு மேல் மரபணு மாற்றியது, சர்க்கரைக்கான பீட்ரூட்டோ கிட்டத்தட்ட முழுவதுமே.